உங்களுக்குத் தெரியுமா? கட்டுரையில் புள்ளிகளும் மேற்கோளும்

● தொல்காப்பியத்திலும் நன்னூலிலும் புள்ளி உண்டு. ஆனால், அது எழுத்தின் மேல் வைக்கும் புள்ளி. வாக்கியத்தில் இடும் காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி எதற்கும் அங்கே நூற்பா கிடையாது. அச்சு வந்த பிறகு, ஐரோப்பிய நூல்களின் வழியாக நம் உரைநடைக்கு வந்தவை இவை. 19ஆம் நூற்றாண்டில் தம் பதிப்புகளிலும் பாடநூல்களிலும் இவற்றை ஒழுங்காக இட்டுப் பழக்கியவர்களில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலருக்கு (1822–1879) தனி இடம் உண்டு.

● அதற்கு முன் ஏட்டுச்சுவடியைப் படித்தவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள்? வினைமுற்று கடைசியில் வந்து நின்று, வாக்கியம் முடிந்ததைச் சொல்லிவிடும். பிறர் பேச்சு முடிந்த இடத்தை ‘என்று’, ‘என’ காட்டிவிடும். குறி இடும்போது இந்த இரண்டையும் கவனித்தாலே பெரும்பாலான பிழைகள் வராது.

● அரைப்புள்ளிக்கு வயது 500க்கு மேல். 1490களில் வெனிஸ் நகரில் அச்சகம் நடத்திய ஆல்டஸ் மனூட்டியஸ், எட்னா எரிமலைக்குச் சென்று வந்ததைப் பற்றி பியத்ரோ பெம்போ எழுதிய சிறுநூலில் அதை அச்சிட்டார். கிரேக்க மொழியில் இதே வடிவம்தான் வினாக்குறி!

● அரைப்புள்ளியை எங்கே இடுவது? ஓர் எழுவாய் பல வினைமுற்றுகளைக் கொண்டு முடியும்போது: கண்ணகி மதுரைக்கு வந்தாள்; கோவலன் கொலையுண்ட செய்தியைக் கேட்டாள்; அரசவைக்குச் சென்றாள். மூன்றும் தனித்தனியே நிற்கக்கூடிய தொடர்கள். இதையே ‘மதுரைக்கு வந்து, செய்தியைக் கேட்டு, அரசவைக்குச் சென்றாள்’ என்று எச்சங்களாக மாற்றினால் காற்புள்ளிதான். எச்சத்துக்குப் பின் அரைப்புள்ளி இட்ட விடைத்தாள்கள் ஏராளம். சந்தேகம் வந்தால், அந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துப் படித்துப் பாருங்கள். தொடர் முடிந்து நின்றால் அரைப்புள்ளி இடலாம், தொங்கினால் கூடாது.

● பட்டியலுக்குள் பட்டியல் வந்தாலும் அரைப்புள்ளி கைகொடுக்கும்: சேரருக்கு வஞ்சி, முசிறி, தொண்டி; சோழருக்கு உறையூர், புகார்; பாண்டியருக்கு மதுரை, கொற்கை. எல்லா இடத்திலும் காற்புள்ளியே இட்டிருந்தால் எந்த ஊர் யாருடையது என்று தேட வேண்டியிருக்கும்.

● முத்தமிழ்: இயல், இசை, நாடகம். முன்னே சொன்ன தொகையைப் பின்னே விரிப்பது முக்காற்புள்ளியின் முதல் வேலை. ‘ஐந்திணைகளாவன: குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை ஆகியவை ஆகும்’ என்று எழுதுகிறார்கள். முக்காற்புள்ளி இட்ட பிறகு ‘ஆகியவை ஆகும்’ எதற்கு? இரண்டில் ஒன்று போதும்.

● விடைத்தாளிலும் விண்ணப்பத்திலும் ‘பொருள்:-’ என்று புள்ளியோடு கோடும் இழுக்கிறோம். பழைய ஆங்கில அச்சில் இருந்த வழக்கம் அது. கோடு தேவையே இல்லை.

● கணினியில் தட்டச்சு செய்யும்போது முக்காற்புள்ளிக்கு முன் இடம் விடாதீர்கள். விட்டால், வரி மடங்கும்போது புள்ளி மட்டும் தனியே அடுத்த வரியின் தலைப்பில் போய் உட்கார்ந்துவிடும்.

● மேற்கோள்குறியில்தான் மதிப்பெண் அதிகம் போகிறது. நேர்கூற்றுக்குக் குறி உண்டு, அயற்கூற்றுக்கு இல்லை. ஆசிரியர், “நாளை இங்கே தேர்வு நடக்கும்” என்றார். இது நேர்கூற்று. மறுநாள் அங்கே தேர்வு நடக்கும் என்று ஆசிரியர் கூறினார். இது அயற்கூற்று. ‘நாளை’ மறுநாளாகவும் ‘இங்கே’ அங்கேயாகவும் மாறியதைக் கவனியுங்கள். சொற்கள் மாறிவிட்டன என்றால் அவை அவர் வாயிலிருந்து வந்த சொற்கள் அல்ல. குறிக்குள் வைக்கும் உரிமை நமக்கு இல்லை.

● அதனால்தான், குறளின் கருத்தைச் சொந்த நடையில் எழுதிவிட்டு, அதை மேற்கோள்குறிக்குள் அடைத்து ‘என்று வள்ளுவர் கூறுகிறார்’ என முடிப்பதைப் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை. வள்ளுவர் எழுதாத ஒன்றை அவர் பெயரில் எழுதுவது அது. குறளையே தருவதானால், தனி வரிகளில் 4 சீரும் 3 சீருமாக எழுதி, அடைப்புக்குறிக்குள் குறள் எண்ணைக் கொடுங்கள். அப்போது மேற்கோள்குறிகூடத் தேவையில்லை. நடுவில் சொற்களை விட்டிருந்தால் அந்த இடத்தில் மூன்று புள்ளிகள் வையுங்கள்.

● “எங்கே போகிறாய்?” என்று அம்மா கேட்டாள். வினா அம்மாவுடையது, அதனால் வினாக்குறி உள்ளேதான் நிற்கும். ‘கேட்டாள்’ என்பதற்குப் பின்னால் வினாக்குறி போடுவது பிழை.

● மேற்கோள் முடியும் இடத்தில் முற்றுப்புள்ளி உள்ளேயா வெளியேயா? அமெரிக்கர்கள் உள்ளே வைக்கிறார்கள். பிரிட்டனில் பொருளைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். தமிழில் பெரும்பாலும் ‘என்று’ பின்னால் வந்துவிடுவதால் இந்தச் சிக்கலே எழுவதில்லை.

● நூற்பெயருக்கு ஒற்றை மேற்கோள்குறி. வேற்றுமை உருபு சேரும்போதுதான் தொல்லை. ‘தினமணி’யில் என்று எழுதினால் உறுத்தாது. ‘பொன்னியின் செல்வ’னில் என்று எழுதினால் செல்வன் இரண்டாக வெட்டுப்படுகிறான். முழுவதையும் உள்ளே வைத்து ‘பொன்னியின் செல்வனில்’ என்றால் உருபும் நூற்பெயரின் பகுதியாகிவிடுகிறது. ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் என்று ஒரு சொல் சேர்த்து எழுதுங்கள்; பெயரும் சிதையாது, படிப்பவரும் தடுமாற மாட்டார்.

● அழுத்தம் கொடுப்பதற்காகச் சொற்களை மேற்கோள்குறிக்குள் வைக்காதீர்கள். ‘நேர்மையான’ தலைவர் என்று குறியிட்டு எழுதினால், அவர் நேர்மையை நீங்கள் சந்தேகிப்பதாகத்தான் படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

● ஒருவர் பேச்சு பல பத்திகளுக்கு நீண்டால், ஒவ்வொரு பத்தியின் தொடக்கத்திலும் திறப்புக்குறியை மீண்டும் இட வேண்டும். முடிப்புக்குறி கடைசிப் பத்தியின் முடிவில் மட்டும்.