மீன் முள்ளிலிருந்து கடலை உருண்டைக்கு

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் டேனரியில் வேலை பார்த்தவர்களுக்குச் சுண்ணாம்புத் தொட்டியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. பச்சைத்தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிரை நீக்கி, உட்புறச் சதையைச் சீவினால் மிஞ்சுவது பெரும்பாலும் கொலாஜன் என்ற நார்ப்புரதம். தோல் தொழில் மொத்தமும் அதை நம்பித்தான் நடக்கிறது. மீன் முள்ளிலும் அதே கொலாஜன் உண்டு. ஆனால் அங்கே இழைகளுக்கு இடையில் ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற தாது இறுகிப் படிந்திருக்கிறது. தோல் வளைகிறது, முள் குத்துகிறது என்றால் காரணம் அந்தத் தாதுதான். அதன் எடையில் 100-க்கு 40 பங்கு கால்சியம்.

நெத்திலியை முள்ளோடு மென்று தின்கிறோம். சூரை, வஞ்சிரம் என்றால் நடுமுள் குப்பைக்குப் போய்விடுகிறது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் சூரையின் நடுமுள்ளிலிருந்து கால்சியப் பொடி எடுக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது.

வேலையின் பாதி, சுத்தம் செய்வதுதான். முள்ளைக் கொதிக்கவைத்து, ஒட்டியிருக்கும் சதையைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கொழுப்பு கொஞ்சம் மிஞ்சினாலும் நாளாவட்டத்தில் பொடி சிக்கு வாடை அடிக்கும். பிறகு நீராவி அழுத்தத்தில் வேகவைத்தால் கொலாஜன் ஜெலட்டினாகக் கரைந்து வெளியேறும். முள் விரலால் நசுக்கினாலே பொடியும். அதை உலர்த்தி அரைத்து, மெல்லிய சல்லடையில் சலிக்க வேண்டும். சற்றே பருபருவென்று இருந்தாலும் மணலைக் கடித்ததுபோல் நாக்கு கண்டுபிடித்துவிடும். கடலை உருண்டையும் எள்ளுருண்டையும் இதற்குப் பொருந்துவது அதனால்தான்: கரகரப்பு அவற்றின் இயல்பு, வெல்லப்பாகின் மணமும் மீன் வாடையை அமுக்கிவிடும். பொடியை வறுத்த கடலையோடு பிசறிவிட்டுப் பாகில் சேர்த்தால் கட்டி தட்டாது.

பொடியில் 100-க்கு 20 பங்கு கால்சியம் என்று குறைத்தே கணக்கிட்டாலும், 2 கிராம் பொடியில் 400 மில்லிகிராம் கிடைக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். உடலில் அது சேர வைட்டமின் டி-யும் வேண்டும்.

இதை நம் வட்டாரத்தில் செய்ய நினைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. டேனரிக் கழிவால் பாலாறு கெட்டதைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பளித்தது. கழிவு கலந்த நீரில் வளரும் மீனை முள்ளுக்காக எடுப்பது ஆபத்து. உயிரினங்களின் உடலில் ஈயம் போய்த் தங்குமிடம் பெரும்பாலும் எலும்புதான். கால்சியத்தைத் திரட்டும்போது அதையும் சேர்த்தே திரட்டிவிடுவோம். ஆகவே உள்ளூர் ஏரி மீன் வேண்டாம், கடல்மீன் முள்ளே போதும். அதையும் ஒவ்வொரு தடவையும் ஆய்வகத்தில் ஈய அளவு பார்த்த பிறகே பாகு காய்ச்சுங்கள். மீன் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் சைவ உணவுக்காரர்களுக்கும் தெரியும்படி, அசைவத்துக்குரிய பழுப்பு முக்கோணத்தையும் 'மீன் முள் பொடி' என்ற சொல்லையும் உறையில் பெரிதாகப் போடுங்கள்.