ரூஸோவின் 42 சட்டைகள்
உடையும் உலகமும் – 9

வெர்சேல்ஸ் அரண்மனையின் பொய்மயிர்களையும் அவற்றின்மேல் தூவிய வெண்பொடியையும் பற்றிச் சென்ற வாரம் படித்த வாசகர்களுக்கு, இத்தனை கூத்தையும் வேண்டாமென்று உதறிய மனிதர் ஒருவர்கூடவா பிரெஞ்சு தேசத்தில் இல்லை என்ற கேள்வி எழுந்திருக்கக்கூடும். இருந்தார், அவர் உதறியதே அடுத்த கூத்துக்கு நாந்தி ஆயிற்று.

கலைகளும் சாஸ்திரங்களும் மனிதனுடைய ஒழுக்கத்தைக் கெடுத்தனவேயன்றி உயர்த்தவில்லை என்று வாதித்து, 1750-ஆம் ஆண்டில் திஜோன் நகரத்து வித்வத் சபையின் பரிசைப் பெற்ற ழான் ழாக் ரூஸோ, எழுதியபடியே வாழ்ந்து காட்டவேண்டும் என்ற வைராக்கியம் கொண்டு, பணப்பெட்டியைக் காக்கும் உத்தியோகத்தை விட்டார். பொன் சரிகையையும் வெள்ளைக் காலுறையையும் களைந்தார். இடுப்பு வாளைக் கழற்றி வைத்தார். இனி மணி என்னவென்று அறியவேண்டிய அவசியமே இல்லை என்று மகிழ்ந்து, கடிகாரத்தையும் விற்றுவிட்டார். சங்கீத ஸ்வரக் குறிப்புகளைப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசிப் பிரதி எடுப்பது அவருடைய ஜீவனோபாயம் ஆயிற்று. ஆனால் பொய்மயிரை அவர் அடியோடு துறக்கவில்லை. சிறிய உருண்டையான ஒன்றுக்கு மாறினார், அவ்வளவுதான். வெனிஸ் நகரத்தில் ராஜாங்க ஊழியம் பார்த்த காலத்திலிருந்து சேர்த்து வைத்திருந்த உயர்ந்த லினன் சட்டைகளை விடுவதற்கும் மனம் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் ஒன்றில், வீட்டார் கோவிலுக்குப் போயிருந்த சமயம் பார்த்து யாரோ புகுந்து 42 சட்டைகளை வாரிக்கொண்டு போன பிறகே அந்த மோகம் தம்மைவிட்டு நீங்கியதாக அவரே தம் சுயசரிதத்தில் எழுதுகிறார். ஞானி தொடங்கிய துறவைத் திருடன் பூர்த்தி செய்து வைத்தான்.

உபவாசம் இருப்பவர் அதை அண்டை வீட்டுக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தால் என்ன நடக்குமோ, அதுவே நடந்தது. ஒருவரையும் தேடிப் போகாத இந்த விசித்திர மனிதரைப் பார்க்கப் பாரிஸ் நகரமே, ஏதேனும் ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு, அவருடைய அறைக்கு வரத் தொடங்கியது. 1752 அக்டோபரில், போன்தேன்புளோ அரண்மனையில் பதினைந்தாம் லூயி மன்னரின் முன்னிலையில் அவருடைய இசை நாடகம் அரங்கேறியபோது, சவரம் செய்யாத முகத்தோடும் சரியாக வாராத பொய்மயிரோடும் அவர் மன்னருக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். பளபளக்கும் அந்தச் சபையின் நடுவே தாம் ஒருவர் மட்டும் அப்படி இருப்பதில் முதலில் கூச்சம் உண்டாயிற்றாம். என் வழக்கப்படிதானே இருக்கிறேன், இதில் என்ன தவறு என்று பிறகு தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டாராம். ரூஸோவிடம் எனக்குப் பிரியம் உண்டாவது இந்த இடத்தில்தான். உடையை உண்மையாகவே மறந்துவிட்டவருக்கு அந்தச் சமாதானம் தேவைப்பட்டிராது. அதை ஒளிக்காமல் எழுதி வைக்கும் நேர்மையோ, மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்ட வேறு எவருக்கும் இருந்ததில்லை.

பெஞ்சமின் பிராங்க்ளினுக்கு இந்தச் சங்கடமெல்லாம் கிடையாது. 1767-இல் பாரிஸுக்கு வந்தபோது, தையற்காரரும் பொய்மயிர்க்காரரும் சேர்ந்து தம்மைப் பிரெஞ்சுக்காரனாகவே ஆக்கிவிட்டார்கள் என்று நகைச்சுவையாகக் கடிதம் எழுதிய இதே கனவான், 1776 டிசம்பரில் அமெரிக்கக் குடியரசின் தூதராக வந்து இறங்கியபோது, பொய்மயிர் இல்லாத நரைத்த தலையில் மென்மயிர்த் தொப்பி ஒன்றை நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டு, மூக்குக் கண்ணாடியோடு தெருவில் நடந்தார். வெண்பொடித் தலைகளுக்கு நடுவே அது எப்படித் தோன்றும் என்பதை அவர் நன்றாக அறிந்திருந்தார் என்பதற்கு அவருடைய கடிதங்களே சாட்சி. ரூஸோவைப் படித்து, இயற்கையின் குழந்தை ஒருவனைக் காணவேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருந்த பிரெஞ்சுக்காரர்கள், இதோ வந்துவிட்டான் என்றார்கள்; அவரை, எளிய உடைக்குப் பேர்போன குவேக்கர் மதத்தார் என்றுகூட நினைத்தார்கள். அவரும் மறுக்க அவசரப்படவில்லை. மூக்குப்பொடி டப்பிகளின் மூடியில் அவர் முகம் ஏறிற்று. சீமாட்டிகள் அந்தத் தொப்பியின் சாயலில் கூந்தலை முடித்துக்கொள்ளும் புதிய மோஸ்தருக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

பிறகு ராணியின் முறை. எர்மெனோன்வில் தோட்டத்துத் தீவில், நெட்டிலிங்கம் போல் ஓங்கிய பாப்ளர் மரங்களுக்கிடையே இருந்த ரூஸோவின் சமாதியை 1780-இல் போய்த் தரிசித்த மாரி அந்துவானெத், சில ஆண்டுகளில் வெர்சேல்ஸ் தோட்டத்துக்குள் ஒரு கிராமத்தையே கட்டுவித்தாள். அந்தப் புத்தம்புதிய குடிசைகளின் சுவர்களில், பழமையினால் வெடித்தன போலத் தோன்றும்படி விரிசல்களைச் சித்திரமாகவே தீட்டினார்கள்! அங்கே உலாவுவதற்குப் பட்டும் சரிகையும் உதவாது என்று, இடையில் ஒரு பட்டி மட்டும் கட்டிய வெள்ளை மஸ்லின் அங்கி அணிந்தாள். ஒரு நாளில் அழுக்காகிவிடும் வெள்ளைத் துணியை நாள்தோறும் புதிதுபோல் உடுப்பதற்குச் சலவை செய்யும் ஆட்கள் எத்தனை பேர் வேண்டும் என்பதைக் கிராமத்தார் அறிவார்கள். ராணி அறிந்திருக்க நியாயமில்லை.

1783-இல் எலிஸபெத் விஜே லெப்ரன் அந்த அங்கியோடும் வைக்கோல் தொப்பியோடும் அவளைச் சித்திரம் தீட்டிக் கண்காட்சியில் வைத்தவுடன் எழுந்த கூக்குரல் வேடிக்கையானது. ராணி உள்ளாடையோடு நிற்கிறாள் என்றார்கள் சிலர். இந்தியாவிலிருந்து கப்பலேறி வரும் மஸ்லினை உடுத்தி, லியோன் நகரத்துப் பட்டு நெசவாளரின் வயிற்றில் அடிக்கிறாள் என்றார்கள் வேறு சிலர். படத்தை எடுத்துவிட்டு, அதே கையில் அதே ரோஜாவோடு, பட்டுடுத்திய வேறொரு படத்தை வைக்க நேர்ந்தது. ஆனால் தூற்றிய சீமாட்டிகளின் தையற்காரர்கள் அதற்குள் மஸ்லினை வெட்டத் தொடங்கிவிட்டார்கள். மறு ஆண்டில் டெவன்ஷையர் கோமகள் இங்கிலாந்திலும் அதை அணிந்து நின்றாள். மோஸ்தரைப் பின்பற்றுகிறோம் என்று இவர்களில் ஒருத்தியும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டாள். இயற்கையைப் பின்பற்றுகிறோம் என்றே சொல்லியிருப்பார்கள். மோஸ்தரை வேண்டுமென்றே மறுப்பவனும் அதையே அளவுகோலாகக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறான் என்று கேயோர்க் ஸிம்மல் என்ற ஜெர்மானிய அறிஞர் எழுதுவதற்கு 1904 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அடுத்த பத்தாண்டுக்குள் பிரெஞ்சுப் புரட்சி வெடித்து, எளிய உடை ரசனையின் அடையாளமாக இருந்தது போய், தலை தப்புவதற்கே அவசியமாகிவிட்டது. அந்நாளில், பாமரரின் நீண்ட கால்சட்டையைத் தொடாமல், முழங்கால் அளவுச் சராயோடும் வெண்பொடித் தலையோடும் கடைசிவரை நடமாடியவர், ரூஸோவின் பரம பக்தரான ரோபஸ்பியர். அவரை அடுத்த வாரம் சந்திப்போம்.

(தொடரும்)