குளிரில் காத்திருக்கும் கருவிழி

கண் வங்கியின் குளிர்பெட்டியில் இளஞ்சிவப்புத் திரவம் நிரம்பிய சிறு குப்பிகள் இருக்கும். ஒவ்வொன்றினுள்ளும் ஒரு கருவிழி, சுற்றிலும் மெல்லிய வெள்ளைவிழி விளிம்போடு. விளிம்பு இடுக்கியால் பிடிப்பதற்கு. கருவிழிமேல் இடுக்கி படவே கூடாது. திரவத்தின் நிறத்துக்கும் வேலை உண்டு: கிருமி பெருகி அமிலம் கூடினால் மஞ்சளாகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

காப்பாற்ற வேண்டியது கருவிழியின் உட்புறத்தில் ஒரே அடுக்காகப் படிந்திருக்கும் எண்டோதீலிய செல்களை. செத்தால், மனிதக் கண்ணில் இவை மறுபடி பெருகுவதில்லை. கண்ணுக்குள்ளிருந்து நீர் ஓயாமல் கருவிழிக்குள் கசிகிறது. இந்தச் செல்கள் அதை இறைத்துக்கொண்டே இருக்கின்றன. அடைமழையில் கீழ்த்தளத்தில் ஊறும் தண்ணீரை மோட்டார் போட்டு இறைக்கிற சென்னைவாசிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இறைப்பு நின்றால் கருவிழி உப்பி மங்கிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், 2 முதல் 8 டிகிரிக் குளிரில் செல்களின் தேவை சுருங்குவதால் உயிர் தங்குகிறது. ஆனால் இறைப்பும் அங்கே படுத்துவிடுகிறது. 1974இல் பெர்னார்ட் மெக்கேரியும் ஹெர்பர்ட் காஃப்மனும் செல் வளர்ப்புத் திரவத்தில் டெக்ஸ்ட்ரான் கலந்து இதற்கு வழி கண்டார்கள். டெக்ஸ்ட்ரான் நீரைத் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொள்ளும். அந்த எம்.கே. (மெக்கேரி-காஃப்மன்) திரவத்தில் கருவிழி 4 நாள் தாங்கியது. காண்ட்ராய்ட்டின் சல்பேட் சேர்ந்த பிந்தைய திரவங்கள் கெடுவை 14 நாள்வரை நீட்டின; மதுரை அரோலேப் நிறுவனத்தின் கார்னிசால் திரவத்துக்கும் 14 நாள் கணக்குதான். ஐரோப்பியக் கண் வங்கிகள் பலவற்றில் முறையே வேறு. அங்கே 30 டிகிரிக்கு மேல், கதகதப்பில், 4 வாரம்வரை வைத்திருப்பார்கள். உப்பிப்போனதை அறுவைக்கு முன் டெக்ஸ்ட்ரானில் ஊறவைத்து இளைக்கவைப்பார்கள்.

எந்தத் திரவமும் செத்த செல்லை எழுப்பாது. மரணத்துக்குப் பின் 6 மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்துவிட வேண்டும் என்பது அதனால்தான். துக்க வீட்டிலோ தலைக்கு மேல் ஃபேன் சுழன்றுகொண்டிருக்கும், இமை பாதி திறந்தபடி கருவிழி காய்ந்துகொண்டிருக்கும். ஃபேனை நிறுத்தி, இமையை மூடி ஈரப்பஞ்சு வைத்து, தலையணையால் தலையைச் சற்று உயர்த்த எந்தப் பயிற்சியும் வேண்டாம். கண்தான உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்து வாங்கும் முகாம்கள் இதைச் சொல்லித்தர ஐந்து நிமிடம் ஒதுக்கலாம். கையெழுத்துப் போட்டவருக்கு மட்டும் சொல்லிப் பயனில்லை. ஃபேனை நிறுத்தப்போவது அவர் இல்லையே!

வங்கிக்கு வந்த கருவிழியைச் சற்று நேரம் அறைவெப்பத்தில் வைத்து, நுண்ணோக்கியில் செல்களை எண்ணுகிறார்கள். எண்ணிக்கை குறைந்த கருவிழியும் வீணில்லை. கிளிசரினில் போட்டால் செல்கள் சாகும், திசு நிற்கும். புண்ணாகி ஓட்டை விழுந்த கண்ணை அவசரத்துக்கு அடைக்க அது போதும்.