'ரைட் ஓஃப்' என்றால் கடன் தீர்ந்ததா?

நமது வியாபாரிகள் மத்தியில் அடிக்கடி அடிபடும் ஆங்கிலச் சொற்களுள் 'ரைட் ஓஃப்' என்பதும் ஒன்று. "வங்கி என் கடனை ரைட் ஓஃப் செய்துவிட்டது, இனிப் பிரச்சினை இல்லை" என்று நிம்மதியாக இருப்போர் உண்டு. அந்த நிம்மதி ஆபத்தானது.

'ரைட்' என்றால் எழுதுதல். அதனுடன் 'ஓஃப்' சேரும்போது, ஒரு தொகையைச் சொத்துக் கணக்கிலிருந்து நீக்கி நட்டமாக எழுதுதல் என்ற பொருள் வருகிறது. வராத கடனை வருமதியாகவே காட்டிக்கொண்டிருந்தால் ஐந்தொகை பொய் சொல்லும். அதனைத் திருத்தும் பதிவுதான் இது. கடன் கொடுத்தவர் தமது புத்தகத்தைச் சரிசெய்கிறாரே தவிர, கடன்பட்டவரை விடுவிக்கவில்லை.

விட்டுக்கொடுப்பதற்கு ஆங்கிலத்தில் 'வேவ்' என்ற வேறு சொல் இருக்கிறது. வட்டியையோ முதலையோ 'வேவ்' செய்தால்தான் அந்தத் தொகை தள்ளுபடியாகும். 'ரைட் ஓஃப்' செய்த பின்னரும் வங்கி வழக்குத் தொடரலாம். ஈடு வைத்த சொத்தும் ஈட்டிலேயே இருக்கும். 'கிரிப்' என்று நாம் சொல்லும் கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையிலும் அது பதிவாகி, அடுத்த கடனுக்குத் தடையாகலாம். ஆகவே, வங்கியுடன் இணக்கத்துக்கு வந்தால், கடன் முழுமையாகத் தீர்ந்தது என்பதற்கு எழுத்து மூலமான கடிதம் பெறாமல் எழுந்து வராதீர்கள்.

இனி நமது கடைக் கொப்பிக்கு வருவோம். வராத கடனை நீங்கள் 'ரைட் ஓஃப்' செய்தாலும் அதைக் கேட்கும் உரிமை உங்களிடமே இருக்கும். ஆனால் அந்த உரிமைக்குக் காலக்கெடு உண்டு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க காலவிதிப்புச் சட்டத்தின்படி, விற்று ஒப்படைத்த பொருளுக்கும் கொப்பிக் கடனுக்கும், பணம் செலுத்த வேண்டிய நாளிலிருந்து 1 வருடத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும். எழுத்து மூல ஒப்பந்தத்துக்கும் வாக்குறுதிச் சீட்டுக்கும் 6 வருடங்கள். "அடுத்த மாசம் தாறேன்" என்ற வாய்ச்சொல் இக்கெடுவை நீட்டாது. கடன்பட்டவர் கையொப்பமிட்ட எழுத்து வேண்டும்.

பழகிய வாடிக்கையாளரிடம் கையொப்பம் கேட்பதற்குக் கூச்சமாக இருக்கலாம். ஆனால், புத்தகத்தில் அழித்த கடனைக்கூட பின்னர் அறவிடலாம். காலம் கடந்த கடனுக்கு நீதிமன்றம் போய்ப் பயனில்லை. இன்றே கொப்பியைப் புரட்டி, எந்தக் கடன் 1 வருடத்தை நெருங்குகிறது என்று பாருங்கள்.