கம்பியில்லா மைக்கும் ஊமை இடங்களும்

பள்ளி ஆண்டு விழா. மேடையில் கட்டபொம்மன் நாடகம். கட்டபொம்மனாக நடித்த ஒன்பதாம் வகுப்பு மாணவனின் குரல் கடைசி வரிசைவரை கணீரென்று கேட்டுக்கொண்டிருந்தது. ஜாக்சன் துரையை நோக்கி அவன் இரண்டடி முன்னே வைத்தான். வாய் அசைகிறது; குரலைக் காணோம்! பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. பையன் பதறிப்போய் ஓரடி பின்வாங்கினான். குரல் திரும்பி வந்தது. மறுபடி முன்னே வந்தான், மறுபடியும் மௌனம். இடைவேளையில், "சுவிட்சை ஏன் அமுக்கினாய்?" என்று அவனுக்குத்தான் வசவு கிடைத்தது. அவனோ சுவிட்சைத் தொடவே இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நான் நேரில் பார்த்தது இது. பையன்மீதும் தவறில்லை, மைக்கும் பழுதாகவில்லை. அப்படியானால் குரல் எங்கே போயிற்று?

கம்பியில்லா மைக்கை ஒரு குட்டி வானொலி நிலையம் என்றே சொல்லலாம். நம் குரல் மைக்கில் உள்ள மெல்லிய தகட்டை அசைக்கிறது. அந்த அசைவு மின் அழுத்த மாற்றமாகிறது. இதுவரை சாதாரண மைக்கில் நடப்பதுதான். அதற்குப்பின் கம்பி வழியே போகவேண்டிய மின்குறியை, டிரான்ஸ்மிட்டர் என்னும் பரப்பி, வானொலி அலையில் ஏற்றி அனுப்புகிறது. கையில் பிடிக்கும் மைக்கானால் பரப்பி அதன் பிடிக்குள்ளேயே இருக்கும். நாடகத்திற்குரிய சட்டைக் காலர் மைக்கானால், இடுப்பில் செருகிய சிறு பெட்டிக்குள் இருக்கும். 1964-ல் வெளிவந்த 'மை ஃபேர் லேடி' என்ற ஆங்கிலத் திரைப்படத்தில் நடிகர் ரெக்ஸ் ஹாரிசன், முன்பே பதிவு செய்த பாட்டுக்கு வாயசைக்க மறுத்துவிட்டார். கழுத்துப்பட்டையில் ஒளித்து வைத்த கம்பியில்லா மைக்கில் படப்பிடிப்பின்போதே பாடினார்! அலையைப் பிடித்து மறுபடி மின்குறியாக்கி ஒலிபெருக்கிக்குக் கொடுப்பது ரிசீவர் என்னும் ஏற்பி.

பரப்பியின் ஆற்றல் மிகக் குறைவு. பல மைக்குகளில் அது ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்கிலிருந்து இருபதில் ஒரு பங்குவரைதான். டார்ச் விளக்கின் குமிழ்கூட இதைவிட மிகுதியாக மின்சாரம் தின்னும். இவ்வளவு மெலிந்த அலை வழியில் பல இடையூறுகளைச் சந்திக்கிறது.

மேடையில் இரும்புத் தூண்கள், தகரக் கூரை, கம்பிக் கிராதி எல்லாம் இருக்கின்றன அல்லவா? உலோகம் வானொலி அலையைக் கண்ணாடி ஒளியைத் திருப்புவதுபோலத் திருப்பிவிடும். ஆகவே ஏற்பியின் ஏரியலை ஓர் அலை நேராகவும், இன்னொன்று தூணில் பட்டுச் சுற்றுவழியாகவும் வந்தடைகின்றன. குளத்தில் இரண்டு கற்களை ஒரே நேரத்தில் எறிந்து பாருங்கள். இரண்டு அலைகளின் முகடுகள் சேருமிடத்தில் நீர் உயர்ந்தெழும். ஒன்றின் முகடும் மற்றதன் பள்ளமும் சேருமிடத்தில் நீர் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். மேடையிலும் இதேதான். ஓர் அலை இன்னோர் அலையை அழித்துவிடும் இடங்கள் உண்டு. அவற்றை நாம் 'ஊமை இடங்கள்' என்று அழைப்போம்.

இந்த இடங்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கும்? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பல கம்பியில்லா மைக்குகள் 600 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அதிர்வெண்களில் இயங்குகின்றன. அதாவது நொடிக்கு 60 கோடி அலைகள். அலை நொடிக்கு 30 கோடி மீட்டர் செல்கிறது. வகுத்தால், ஓர் அலையின் நீளம் அரை மீட்டர். முகட்டுக்கும் பள்ளத்திற்கும் இடையே 25 சென்டிமீட்டர், ஏறத்தாழ ஒரு சாண்! பையன் ஓரடி நகர்ந்ததும் குரல் மறைந்து, ஓரடி பின்வாங்கியதும் திரும்பியதன் மர்மம் இப்போது விளங்குகிறதல்லவா?

அலை மிகவும் மெலிந்தால் ஏற்பியில் 'ஹோ' என்ற இரைச்சல்தான் கேட்கவேண்டும். அரங்கம் காதைப் பொத்திக்கொள்ளக்கூடாதே என்று, அந்த நிலையில் ஏற்பி தானாகவே ஒலியை அடைத்துவிடும். ஸ்குவெல்ச் என்று இதைச் சொல்வார்கள். அதனால்தான் அன்று கரகரப்புக்கூட இல்லாமல் முழு மௌனம்.

வீட்டில் சிறிய எஃப்.எம். டிரான்சிஸ்டர் இருந்தால் நீங்களே சோதிக்கலாம். ஏரியலை மடக்கி, கொஞ்சம் மங்கலாகக் கேட்கும் நிலையம் ஒன்றை வையுங்கள். பெட்டியைக் கையில் பிடித்தபடி அறையில் மெதுவாக நடந்து பாருங்கள். சில இடங்களில் இரைச்சல் கூடும். இரண்டடி தள்ளினால் தெளியும். அந்த அலை சுமார் 3 மீட்டர் நீளமுள்ளது. ஆகவே இடைவெளி மைக்கைவிடப் பெரிதாக இருக்கும்.

ஊமை இடத்தை எப்படி வெல்வது? நல்ல ஏற்பிகளின் பின்னால் இரண்டு ஏரியல்கள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அழகுக்காக அல்ல! ஓர் ஏரியலில் அலைகள் ஒன்றையொன்று அழித்தாலும், கொஞ்சம் தள்ளியிருக்கும் மற்றதில் அதே நேரத்தில் அழிவது அரிது. எதில் அலை வலுவாக இருக்கிறதோ அதை ஏற்பி எடுத்துக்கொள்ளும். இந்த உபாயம் பலிக்க, இரண்டையும் நிமிர்த்தி 'வி' எழுத்துப்போல் விரித்து வைக்கவேண்டும்.

நம் கட்டபொம்மனின் ஏற்பிக்கும் இரண்டு ஏரியல்கள் இருந்தன. ஆனால் ஏற்பி திரைக்குப் பின்னால், ஆம்ப்ளிஃபையரின்மேல், ஓர் இரும்புப் பீரோவை ஒட்டி இருந்தது. ஏரியல்கள் இரண்டும் மடிந்து கிடந்தன. போதாதற்கு, பையனின் இடுப்பிலிருந்த பரப்பியைச் சுற்றி வெள்ளித்தாள் ஒட்டிய கச்சை! பிற்பகல் ஒத்திகையில் இந்த உடை இல்லை. எனவே பிழையும் தெரியவில்லை. மைக் செட்காரர் பொறுமையான மனிதர். இடைவேளையில் ஏற்பியைத் தூக்கி மேடையின் பக்கவாட்டில் ஓர் உயரமான மேசைமேல் வைத்து, ஏரியல்களை விரித்தார். பரப்பியைக் கச்சைக்கு வெளியே, முதுகுப்புறம் செருகி, அதன் வால்போன்ற ஏரியல் சுருளாமல் தொங்கவிட்டார். தூக்குமேடைக் காட்சி முடியும்வரை ஒரு சொல்கூட விழவில்லை.

ஏற்பியிலிருந்து பார்த்தால் நடிகர் தெரியவேண்டும். நான் முதலில் சொல்லிக்கொடுக்கும் விதி இதுதான். ஏற்பியை அரங்கின் பின்கோடியில் வைப்பவர்களும் உண்டு. காலி அரங்கில் அது வேலை செய்யும். மாலையில் ஐந்நூறு பேர் வந்து உட்கார்ந்தால்? நம் உடலில் பாதிக்கு மேல் தண்ணீர். அது இந்த அலைகளை உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொருவர் பையிலும் கைப்பேசி வேறு. 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் மைக்கானால், அதே வரிசையில் பேசும் வைஃபை, புளூடூத் சாதனங்களோடு அது போட்டியிடவேண்டும். 700 மெகாஹெர்ட்ஸ் வரிசையைப் பயன்படுத்தும் பழைய மைக்குகளுக்கும் சங்கடம் உண்டு. நம் நாட்டில் 2022-ல் அந்த வரிசை கைப்பேசிச் சேவைக்கு ஏலம் போய்விட்டது.

இனி, விழா நாளில் செய்யவேண்டியது. எல்லா மைக்குகளையும் அணைத்துவிட்டு ஏற்பியை மட்டும் இயக்குங்கள். மைக் அணைந்திருக்கும்போதே அலை விளக்கு எரிந்தால், அந்த அதிர்வெண்ணில் வேறு யாரோ இருக்கிறார்கள் என்று பொருள். வேறு சேனலுக்கு மாறிவிடுங்கள். அதன்பின் மைக்கை அதே சேனலில் வைத்து இயக்குங்கள். நடிப்பவர் மெல்லப் பேசியல்ல, மேடையில் கத்துமளவுக்கே கத்திக் காட்டவேண்டும். அந்த உச்சத்தில் மட்டும் சிவப்பு விளக்கு எட்டிப்பார்க்குமாறு திருகை அமைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒருவர் மைக்கில் எண்களைச் சொல்லியபடி மேடை முழுவதும் நடக்கட்டும். குரல் தடுக்கும் இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு குறி போடுங்கள். ஏற்பியை ஒரு முழம் நகர்த்தினால் குறிகளும் இடம் மாறும்!

பல மைக்குகளைச் சேர்த்து வைக்கும்போது இன்னொரு சிக்கல் எழுகிறது. மூன்று மைக்குகளை 600, 601, 602 என்று சம இடைவெளியில் வைத்தால் ஒழுங்காகத்தானே இருக்கிறது? அந்த ஒழுங்குதான் வம்பு. இரண்டு பரப்பிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், அவற்றின் அலைகள் மின்சுற்றுக்குள் கலந்து புதிய அதிர்வெண்களைப் பிறப்பிக்கும். ஒன்றை இரட்டித்து மற்றதைக் கழித்தால் வருவது அவற்றில் முக்கியமானது. 601-ஐ இரட்டித்து 600-ஐக் கழியுங்கள்: 602! மூன்றாவது மைக்கின் இடத்தில் ஒரு போலி அலை வந்து உட்கார்ந்துவிட்டது. 600, 601, 603 என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். போலிகள் எதுவும் இம்மூன்றின்மேல் விழாது. ஏற்பியில் 'குரூப்' என்று சேனல்களைத் தொகுத்துக் கொடுத்திருப்பது இந்தக் கணக்கை நமக்காகப் போட்டு வைத்துத்தான். ஒரே குரூப்பிலிருந்து சேனல்களை எடுத்தால் போதும்.

ஒலிபெருக்கி ஊளையிடுவதற்கும் அலைக்கும் தொடர்பில்லை. பெட்டியிலிருந்து வரும் ஒலியே மைக்குக்குள் புகுந்து, பெருகி, மறுபடி வந்து புகுவதால் அது நேர்கிறது. கம்பி இல்லாத சுதந்திரத்தில் பேச்சாளர் பெட்டிக்கு முன்னால் நடந்து போய்விடுவார்! பெட்டிகளை மேடைக்கு முன்னே தள்ளி வையுங்கள். மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிப்பது இப்போது ஒரு பாணியாகிவிட்டது. பொத்தினால் பின்பக்க ஒலியைத் தள்ளும் அதன் குணம் கெட்டு, ஊளை எளிதாகும். அடிநுனியைப் பிடித்தாலும் தவறு; பல மைக்குகளில் ஏரியல் அங்கேதான் இருக்கிறது. நடுவில் பிடியுங்கள்.

விழாவுக்கு முன் புதிய பேட்டரி செல்களைப் போடுங்கள். பாதி தீர்ந்த செல்லோடு புதியதைச் சேர்க்கவேண்டாம். நிகழ்ச்சி முடிந்ததும் முதலில் ஆம்ப்ளிஃபையரின் ஒலியைக் குறைத்து, அதன்பின் மைக்கை அணையுங்கள். செல்களைக் கழற்றிவிட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். அடுத்த ஆண்டு விழாவரை உள்ளேயே கிடந்தால் அவை ஒழுகி, உலோகத் தொடுமுனைகளை அரித்துவிடும்.