மறைந்த படமும் மீண்ட படமும்

வேலூர், ஆம்பூர் முதலிய பாலாற்றங்கரை ஊர்கள் தோல் பதனிடும் தொழிலாற் பெயர் பெற்றவை. தமிழ்த் திரைப்பட வரலாற்றின் தொடக்கத்திலும் வேலூருக்கு ஓர் இடம் உண்டு. தென்னிந்தியாவின் முதற் கதைப்படம் எனப்படும் ‘கீசக வத’த்தை எடுத்த ஆர். நடராச முதலியார் அவ்வூரிற் பிறந்தவர். அவ்வூமைப்படம் எழுந்த ஆண்டினை 1916 என்றும், 1917 என்றும், 1918 என்றும் ஆசிரியர் பலர் வேறுபடக் கூறுவர். படச்சுருள் இன்றளவும் கிடைத்திலது. எனவே அதனைக் கொண்டு இவ்வையத்தைத் தீர்க்க இயலவில்லை. காணாத ஒரு படைப்பைப் பற்றி நாம் யாது கூறலாம், யாது கூறலாகாது? மறைந்து மீண்ட வேறொரு படைப்பின் துணைகொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

படைப்புகள் மறைவது தமிழறிஞர்க்குப் புதிதன்று. வளையாபதி முழுமையாகக் கிடைத்திலது. உரைகளிலும் தொகை நூல்களிலும் இடம் பெற்ற சில பாடல்களே எஞ்சின. பதிற்றுப்பத்தின் முதற் பத்தும் இறுதிப் பத்தும் இல்லை. ஏட்டைச் செல்லரித்தது போலவே படச்சுருளையும் காலம் அழித்தது. பழைய படச்சுருள் எளிதில் தீப்பற்றும் பொருளால் ஆனது. அதன்மேல் உருவத்தைத் தாங்குவது விலங்கின் தோல், எலும்பு ஆகியவற்றினின்றும் எடுக்கப்படும் பசை. ஈரம் பட்டால் அது கெடும். தோற்கிடங்குகளை அறிந்த பாலாற்றங்கரையார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

தொலைக்காட்சிப் படைப்புகளோ மனிதராலேயே அழிக்கப்பட்டன. இங்கிலாந்தின் பி.பி.சி. நிறுவனம் 1963ஆம் ஆண்டு தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ என்னும் அறிவியற் புனைகதைத் தொடர் இதற்குச் சான்றாகும். காந்த நாடா விலை மிகுந்ததாகலின், பதிந்ததை அழித்து அதிலேயே வேறு நிகழ்ச்சியைப் பதிந்தனர். இவ்வாறும் பிறவாறும் 1960களில் ஒளிபரப்பான 253 பகுதிகளுட் பல மறைந்தன. ஆயின் அயல்நாடுகளுக்கு விற்றற்கென எடுக்கப்பட்ட படச்சுருட் படிகள் ஆங்காங்கே தங்கின. 1967ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த ‘சைபர்மென்களின் கல்லறை’ என்னும் நான்கு பகுதிக் கதை, 1991ஆம் ஆண்டின் இறுதியில் ஹாங்காங்கிலிருந்து மீண்டது.

அகழ்வாய்வாளர் சிலர் டீலோஸ் என்னும் கோளில் ஒரு கல்லறையைத் திறந்து, உறைநிலையில் உறங்கிய பகைவரை எழுப்பிவிடுவதே கதை. காணாத காலத்தில் இதன் புகழ் பெரிதும் வளர்ந்திருந்தது. இன்று மீண்டும் காணுங்கால், அப்புகழின் ஒரு பகுதி நிலைக்கிறது; ஒரு பகுதி தளர்கிறது. தேன்கூட்டறைகள் போன்ற உறைவிடங்களைக் கிழித்துக்கொண்டு பகைவர் வெளிப்படும் காட்சி புகழ்ச்சிக்குத் தக்கதே. ஆயின் ஒருவனைத் தூக்கி எறியும் காட்சியில் அவனைத் தாங்கும் கம்பி புலனாகிறது. கறுப்பினப் பணியாளனைப் பெரிதும் பேச்சற்ற உடல் வலியனாகவே காட்டியிருப்பது குறையாகக் கருதப்படுகிறது. தந்தையை இழந்த பெண்ணுக்கு நாயகன் ஆறுதல் கூறும் உரையாடலின் சொற்கள், பார்வையாளர் வீடுகளிற் செய்த ஒலிப்பதிவால் முன்னரே அறியப்பட்டவை. நடிகர் பாட்ரிக் டிரவுட்டனின் முகக்குறிப்பைப் படம் மீண்ட பின்னரே காண முடிந்தது.

இதனால் நாம் பெறும் முடிபு ஒன்றுண்டு. பிறர் கூற்று ஒரு படைப்பின் இருப்பையும் பொருளையும் நிறுவ வல்லது. அதன் தரத்தை நிறுவ வல்லதன்று. ‘கீசக வதம்’ மகாபாரதக் கதையைத் தழுவியது என்பதும், புரசைவாக்கத்து அரங்கில் எடுக்கப்பட்டது என்பதும் கொள்ளத்தக்க செய்திகள். ‘முதற் படம்’ என்னும் சிறப்பையும் அதற்கு அளிக்கலாம். ‘சிறந்த படம்’ என்னும் தீர்ப்பை அளிக்க நமக்கு உரிமை இல்லை.

மீட்சிக்கு நம்மிடையேயும் சான்றுண்டு. நாகர்கோவில் சுந்தரராஜ் 1933ஆம் ஆண்டு வெளியிட்ட ‘மார்த்தாண்ட வர்மா’, மூல நாவலின் உரிமை பற்றிய வழக்கினால் திரையினின்றும் நீங்கியது. அதன் படி 1974ஆம் ஆண்டு புனேயிலுள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்தை அடைந்தது. திரையிடுதலைத் தடுத்த வழக்கே, படியை ஓரிடத்தில் தங்கச் செய்தது எனலாம்.

‘கீசக வதம்’ பர்மா, இலங்கை, மலாய் நாடு, சிங்கப்பூர் ஆகிய இடங்களிலும் காட்டப்பட்டது என்பர். படைப்பு பிறந்த ஊரில் அழிந்து, சென்ற ஊரில் எஞ்சுதல் கூடும் என்பதற்கு ஹாங்காங்கே சான்று. ஆகவே அந்நாடுகளின் காப்பகங்களிலும் பழைய திரையரங்குக் கிடங்குகளிலும் தேடுதல் வேண்டும். ஒரு சுருள் கிடைப்பினும் நம் வரலாறு திருத்தம் பெறும். அது புகழைக் குறைப்பினும் நாம் அஞ்ச வேண்டுவதில்லை. காணாது போற்றுதலினும் கண்டு மதிப்பிடுதலே ஆய்வுக்கு அழகு.