தலைநகரங்களுக்கு இடையே

புவியியல் வினாடி வினாக்களில் அடிக்கடி இடம்பெறுபவை தலைநகரங்களுக்கு இடையேயான தொலைவு பற்றிய வினாக்கள். அவற்றிற்கு மிகவும் ஏற்ற நிலப்பகுதி ஐரோப்பா. பரப்பில் சிறிய அக்கண்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் நெருங்கி அமைந்துள்ளன. அவற்றின் தலைநகரங்களும் அவ்வாறே நெருங்கியுள்ளன.

வினா ஒன்றைக் காண்போம். நார்வேயின் ஓஸ்லோவும் பின்லாந்தின் ஹெல்சிங்கியும் ஓர் இணை. இத்தாலியின் ரோமும் கிரீசின் ஏதென்சும் மற்றோர் இணை. இவ்விரண்டனுள் எதன் இடைத்தொலைவு மிகுதி? சுவரில் தொங்கும் உலக வரைபடத்தைக் கண்டு விடை கூறுவோர் முதல் இணையைச் சுட்டக்கூடும். அவ்வரைபடம் மெர்கேட்டர் முறையில் வரையப்பட்டதாயின், அளவுகோலை வைத்து அளந்தாலும் அதுவே நீளமாக இருக்கும். உண்மையோ வேறு. ஓஸ்லோவிலிருந்து ஹெல்சிங்கி ஏறத்தாழ 790 கி.மீ. தொலைவில் உள்ளது, ரோமிலிருந்து ஏதென்ஸ் ஏறத்தாழ 1050 கி.மீ. தொலைவில் உள்ளது.

வரைபடம் செய்யும் மாற்றம்

உருண்டையான புவியின் பரப்பைத் தட்டையான தாளில் சிறிதும் மாற்றமின்றி விரிக்க இயலாது. வடிவம், பரப்பு, தொலைவு, திசை ஆகியவற்றுள் ஒன்றைக் காக்க வேண்டுமெனில் மற்றொன்றை இழந்தே ஆகவேண்டும். 1569ஆம் ஆண்டில் மெர்கேட்டர் வெளியிட்ட உலக வரைபடம் கடலோடிகளின் தேவைக்காக உருவானது. திசைகாட்டியின் ஒரே திசையில் செல்லும் கப்பலின் வழி அதில் நேர்கோடாக அமையும். இந்நன்மைக்கு ஈடாக, நிலநடுக்கோட்டிலிருந்து விலகிச் செல்லச் செல்ல நிலப்பகுதிகள் பெரிதாகிக்கொண்டே செல்லும்.

தீர்க்கக்கோடுகள் துருவங்களை நோக்கிச் செல்லும்போது ஒன்றையொன்று நெருங்குகின்றன. நிலநடுக்கோட்டில் ஒரு பாகைத் தீர்க்கத்தின் அகலம் ஏறத்தாழ 111 கி.மீ. ஆகும். 40 பாகை அட்சத்தில் அது 85 கி.மீ. ஆகவும், 60 பாகை அட்சத்தில் 56 கி.மீ. ஆகவும் குறைகிறது. மெர்கேட்டர் வரைபடமோ எல்லா இடத்திலும் அதனை ஒரே அகலமாகக் காட்டுகிறது. ஓஸ்லோவும் ஹெல்சிங்கியும் 60 பாகை வட அட்சத்தை ஒட்டியுள்ளன. ஆகவே, அவற்றின் இடைவெளி வரைபடத்தில் இருமடங்காக விரிகிறது. தெற்கே உள்ள ரோம், ஏதென்ஸ் நகரங்களுக்கு இடையேயான விரிவு ஏறத்தாழ 1.3 மடங்கே.

இவ்வுண்மையைப் பள்ளியில் உள்ள உலக உருண்டையைக் கொண்டே அறியலாம். ஒரு நூலை இரு நகரங்களுக்கும் இடையே இழுத்துப் பிடித்தால், அது புவிப்பரப்பின் மீதுள்ள மிகக் குறுகிய வழியைக் காட்டும். இரண்டு இணைகளையும் அவ்வாறு அளந்து ஒப்பிடும்போது, கண் செய்த பிழை விளங்கும்.

நூல் அளக்காத தொலைவு

வரைபடத்தின் பிழையை உலக உருண்டை திருத்திவிடும். ஆயினும், மக்கள் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊரை அடைய இயலுமா என்பதை அந்த நூலாலும் கூற இயலாது.

ரோம் நகருக்குள்ளேயே அமைந்த வத்திக்கானை விடுத்து நோக்கினால், ஐரோப்பாவில் மிக அருகருகே அமைந்த தலைநகரங்கள் ஆஸ்திரியாவின் வியன்னாவும் சுலோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவாவும் ஆகும். தன்யூபு ஆற்றங்கரையில் உள்ள இவற்றின் நேர்த்தொலைவு ஏறத்தாழ 55 கி.மீ. மட்டுமே. 1914ஆம் ஆண்டிலேயே இவ்விரு நகரங்களையும் மின்தொடர்வண்டி இணைத்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் நிலைமை மாறியது. பிராட்டிஸ்லாவா அன்றைய செக்கோசுலோவாக்கியாவின் ஒரு பகுதியாக இருந்தது. அந்நாட்டில் பொதுவுடைமை ஆட்சி ஏற்பட்டபின், எல்லை நெடுகிலும் முள்வேலிகளும் காவற்கோபுரங்களும் எழுந்தன. நகரின் விளிம்பிலேயே எல்லை இருந்தும், அதைக் கடக்க முயன்றோர் சிலர் உயிரிழந்தனர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், 55 கி.மீ. என்பது கடத்தற்கரிய தொலைவாயிற்று.

1989ஆம் ஆண்டு அவ்வாட்சி வீழ்ந்தது. அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் பிராட்டிஸ்லாவா மக்கள் பெருந்திரளாக எல்லையைக் கடந்து, ஆஸ்திரியாவின் ஹைன்பர்க் நகர்வரை நடந்தே சென்றனர். 1993இல் சுலோவாக்கியா தனிநாடாகி, பிராட்டிஸ்லாவா அதன் தலைநகராயிற்று. 2007 டிசம்பரில் எல்லைச் சோதனையும் நீக்கப்பட்டது. இன்று தொடர்வண்டியில் ஏறுபவர் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் மறுநகரை அடைகிறார். இத்தனை மாற்றங்களுக்கும் இடையில் அந்த 55 கி.மீ. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஆகவே, வினாடி வினாவில் தொலைவைக் கேட்கும்போது கிலோமீட்டரில் விடையளிப்பதே முறை. அவ்விடையை எந்த வரைபடத்தில் கண்டோம் என்று ஆராய்வது புவியியல் அறிவு. அத்தொலைவை எவர் கடக்க முடிந்தது, எவர் கடக்க இயலாது நின்றனர் என்று வினவுவது வரலாற்று அறிவு. இவ்விரண்டும் சேரும்போதே மனப்பாடம் செய்த எண் பொருளுடையதாகிறது.